டிக்கட்டின் மறுபக்கம்

கல்முனையில் பஸ் வெளிக்கிடமுதல் ஒருதரம்.
கல்லாற்றுப் பாலத்தடியில் ஒருதரம்.
தேற்றாத்தீவு தாண்டியதும்
நான் கேட்காமலே உவைஸ் காக்கா பிறேக்கை மிதிப்பார்:
"என்னடா தம்பி, இது பஸ்ஸா, தண்ணி பவுசரா?"
பின்சீற்றில் சிரிப்பு.
வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன்,
ஆறு பேருடைய மிச்சக்காசு மனக்கணக்கில்.

இரவில் ஐந்து. போன வெள்ளி ஏழு.
கிணற்றடியில் வாளியோடு வாய்வைத்துக் குடிக்கிறேன்.
"வெக்கைக்குத்தான்" என்கிறாள் தர்மினி, பாதித் தூக்கத்தில்.
மார்கழி மழை
தகரத்தை உடைக்கிறாப்போல பெய்துகொண்டிருக்கிறது.

போன் வெளிச்சத்தில் மண்ணில் எறும்பு தேடினேன்.
இருந்தன.
கிணற்றுக் கட்டில் தேடினேன், அங்கும் இருந்தன.
என் செருப்பிலும்.
எறும்பை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது.

கண்டக்டர் வேலை வாயால் செய்வது என்று நினைக்கிறார்கள்.
காலால் செய்வது.
மிதிபலகையில் ஒன்று, காற்றில் ஒன்று.
தர்மினியின் சித்தப்பா
பெரியாஸ்பத்திரியில் ஒரு விரலை விட்டுவிட்டு வந்தவர்
தரிப்பிடம் சொல்வதுபோலச் சொல்வார்:
பெருவிரல், பாதம், கணுக்கால், முழங்கால்.
கடைசித் தரிப்பை மட்டும் சொல்லமாட்டார்.

களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரி, நம்பர் எண்பத்தாறு.
வாசலில் நின்ற ஊழியர்
"உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க, இடம் கிடக்கு" என்றார்.
என் வசனம்.
என் குரல்கூட.

டொக்டர் யாழ்ப்பாணத்தவர், என்னிலும் இளையவர்.
"உமக்கு என்ன?"
சொன்னேன்.
"வயசு?"
"முப்பத்தொண்டு."
"உம்மட உடம்புக்குச் சீனி வராது.
பயத்தில தண்ணி குடிக்கிறீர், குடிக்கிறதால போகுது."
விற்றமின் எழுதினார்.
அதுவும் சரியென்றுதான் பட்டது.
பாதி எழும்பியும்விட்டேன்.
"அடுத்த ஆள்."

ஒருமுறை செட்டிபாளையத்தில் ஒருத்தி
இறங்கமாட்டேன் என்றாள்,
இருபது ரூபா மிச்சம் தந்தால்தான்.
பஸ் முழுக்கக் கத்தியது, காக்கா ஹோன் அடித்தார்.
அவள் மரக்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு
யன்னலால் யாரோ வீட்டு மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கொடுத்தேன்.

அவளை நினைத்துக்கொண்டு
திரும்ப உட்கார்ந்தேன்.

சட்டைப்பையில் டிக்கட் கொப்பி.
மறுபக்கத்தில் பென்சிலால் திகதி, எத்தனை தரம்.
பதினொரு நாள், பதினொரு டிக்கட்.
ஒவ்வொன்றாகக் கிழித்து மேசையில் வைத்தேன்.
பிறகு, வெட்கம்தான், பெல்ட்டைக் கழற்றிக் காட்டினேன்:
கடைக்காரன் போட்ட ஐந்து ஓட்டை,
நான் ஆணியால் குத்திய மூன்று.

அப்போதுதான் நிமிர்ந்தார்.
"எப்ப வாங்கின பெல்ட்?"
"தீபாவளிக்கு, சேர்."

விற்றமினை வெட்டினார்.
"நாளைக்கு விடிய வெறும் வயித்தோட வாரும்.
தேத்தண்ணியும் கூடாது."

அன்றிரவு தர்மினி ஒன்றும் கேட்கவில்லை.
நான் எழும்பின ஆறு தரமும்
அவளும் எழும்பி
கிணற்றடி லைட்டைப் போட்டாள்.

முதல் பஸ்ஸில் பயணியாகப் போனேன்.
உட்கார்ந்து போவது இப்படித்தானா?
பிள்ளையார் கோயில் தெரிந்ததும்
வாய் தானாக ஊர்ப்பெயரைக் கூவியது,
முன்சீற்றுக்காரர் எழும்பி இறங்கியும்விட்டார்.

ஊசி ஒன்றுமில்லை. காத்திருந்ததுதான்.

இருநூற்று எழுபத்தெட்டு.

டொக்டர் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"பரவாயில்ல சேர்" என்றேன்,
யாருக்குச் சொன்னேனோ.
பயம் அப்படியேதான் இருந்தது;
ஆனால் பின்சீற்றுச் சிரிப்பு
காதுக்குள் நின்றுவிட்டிருந்தது.

டிக்கட்டுகளைத் திருப்பிக் கேட்டேன்,
முதலாளிக்குக் கணக்குக் காட்டவேண்டும்.
என் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில்
அவற்றைப் பின் அடித்துவிட்டிருந்தார்.

இரவு பதினொரு டிக்கட்டின் காசை
என் கையால் போட்டேன்.
எல்லாம் முழு டிக்கட்,
கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு,
கடைசித் தரிப்பு மட்டும்.